வாடகை வீடும் ‘எந்தப் பக்கம்?’ என்ற கேள்வியும்

தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்கள் திருப்பூருக்குத் திரும்பும் நாட்கள் இவை. பைகளோடு வந்து இறங்குகிறவர்களில் முதன்முறையாக இந்த ஊருக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்த பையன், கல்லூரிக் கட்டணத்துக்காக ஓராண்டு உழைத்துச் சேர்க்கலாம் என்று புறப்பட்ட பெண், காட்டு வேலை இல்லாமல் கிளம்பிவந்த குடும்பம். பனியன் கம்பெனியில் வேலை கிடைப்பது இவர்களுக்குப் பெரிய பாடில்லை. ‘டெய்லர் தேவை, செக்கிங் தேவை, கைமடி தேவை’ என்ற தட்டிகள் கம்பெனி வாசல்களில் தொங்குகின்றன. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்துக் காட்டினால் அன்றைக்கே ஷிப்ட் ஏறிவிடலாம். சிரமம் அதற்குப் பிறகு, ‘வீடு வாடகைக்கு’ என்ற பலகையின் முன்னால் தொடங்குகிறது.

கம்பெனிக்கு எவ்வளவு தூரம்? வாடகையும் அட்வான்ஸும் எவ்வளவு? நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும்? அனுப்பர்பாளையமோ, வேலம்பாளையமோ, வீரபாண்டியோ, நல்லூரோ, எங்கே குடிபோவது என்று முடிவு செய்ய எல்லோரும் கேட்கும் கேள்விகள் இவை மூன்றுதான். நம் மக்களுக்கு மட்டும் நான்காவதாக ஒன்று உண்டு. அது நம்மிடம் கேட்கப்படும் கேள்வி.

யாரும் அதை நேராகக் கேட்பதில்லை. “சொந்த ஊர் எது?” என்று தொடங்கும். ஊர்ப் பெயரைச் சொன்னதும், “அங்க எந்தப் பக்கம்? ஊருக்குள்ளயா, காலனியா?” என்று வரும். அதற்கும் பிடி கிடைக்காவிட்டால் “குலதெய்வம் எது?”, “கறி சமைப்பீங்களா?” என்று சுற்றி வரும். கடைசியில் ஆதார் நகல் கேட்பார்கள். கதவு எண்ணுக்கும் ஊர்ப் பெயருக்கும் நடுவில் ‘காலனி’ என்ற சொல் உட்கார்ந்திருக்கும். “தம்பி, நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க” என்று பதில் வரும். பலகை மட்டும் அடுத்த வாரமும் அதே இடத்தில் தொங்கும்.

இந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் பழைய முகவரி அச்சிட்ட அட்டையோடுதான் ஒரு தொழிலாளி வீடு தேடிப் போகிறார். முகவரி திருத்தும் வேலையை அவர் தலையில் கட்டாமல், அரசே கிராமந்தோறும் முகாம் நடத்திச் செய்து கொடுத்தால்தான் அந்த அறிவிப்பு அவருடைய பைக்குள் வந்து சேரும்.

மறுக்கப்பட்டவர் எங்கே போகிறார்? நகரத்தை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகிறார். காலை எட்டரைக்கு ஷிப்ட் என்றால் ஏழு மணிக்கே பஸ் ஏற வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவில் கிளம்பும் பெண் கடைசி பஸ்ஸைக் கணக்குப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். கடைசி அரை ஷிப்டை விட்டுவிட்டு ஓடினால் சனிக்கிழமைச் சம்பளத்தில் அது குறையும். சிலர் ஓடைக் கரையில் குடிசை போடுகிறார்கள். 2011 நவம்பர் வெள்ளத்தில் ஜம்மனை ஓடைக் கரையில் குடிசைகள் அடித்துப் போனதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. இளம்பெண்களுக்கு நூற்பாலை விடுதி இருக்கிறது என்பார்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்றாண்டு முடித்தால் மொத்தமாகப் பணம் என்று சொல்லி அழைத்துவரப்பட்ட பெண்கள் வாயிற்கதவைத் தாண்ட முடியாமல் கிடந்த விடுதிகளும் இந்த வட்டாரத்தில்தான் இருந்தன. அவர்களில் கணிசமானவர்கள் தலித் குடும்பத்துப் பிள்ளைகள். ஆக, வீடு மறுக்கப்படும்போது மானத்தோடு சேர்த்துக் கூலியும் நேரமும் பாதுகாப்பும் பறிபோகின்றன.

இது திருப்பூரின் நோய் மட்டுமில்லை. டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் வாடகை வீடு தேடிச் சோதனை நடத்தி, 2015-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் முடிவை எழுதினார்கள். தொலைபேசியில் கேட்டபோது மேல்சாதி என்று அறியப்பட்டவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் சாதகமான பதில் வந்தது. தலித் என்று தெரிந்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு நேரடி மறுப்போ, நிபந்தனை சேர்த்த பதிலோதான் வந்தது. படிப்பும் நல்ல வேலையும் இருந்தால் இந்தக் கதவு திறந்துவிடும் என்று நம்பும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், பாபாசாகேப் அம்பேத்கரை விடப் படித்தவர் யார்? 1917-ல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போனார். அந்த நகரத்தில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். சில நாட்களில் விஷயம் தெரிந்து, தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. நண்பர்களிடம் கேட்டார், அவர்களும் இடம் தரவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். வேலை இருந்தது, வீடு இல்லை. பல ஆண்டுகள் கழித்து நினைத்தாலும் கண்ணீர் வருவதாக அவரே எழுதியிருக்கிறார்.

சாதியை மறைத்து வீடு பிடிப்பவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். அம்பேத்கருக்கே அந்த நிலை வந்தது. ஆனால் அப்படிக் கிடைக்கும் வீட்டில் வாழ்வது எப்படி இருக்கும் என்பதை வாழ்ந்தவர்களே அறிவார்கள். அம்பேத்கர் படத்தைச் சுவரில் மாட்ட முடியாது. ஊரிலிருந்து அம்மா வந்தால், பக்கத்து வீட்டில் என்ன பேசிவிடுவாரோ என்று பயம். லைன் வீட்டில் குழாயும் கழிப்பறையும் பொது. குழாயடியில் எதையும் உளறிவிடாதே என்று ஏழு வயதுக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும். குழந்தை முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் தன்னை ஒளித்துக்கொள்வது என்றால், நகரத்துக்கு வந்து என்ன பயன்?

இன்னொரு வழி, நம் ஆட்கள் இருக்கும் பகுதிக்கே போய்விடுவது. அதில் நிம்மதி உண்டு, அவசரத்துக்குக் கைமாற்று உண்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. விரும்பிப் போனால் தவறே இல்லை. வேறெங்கும் விடமாட்டார்கள் என்பதால் போனால், ஊரில் விட்டுவந்த தெரு நகரத்திலும் நம்மைப் பின்தொடர்ந்து வருகிறது என்றே பொருள்.

“என் வீடு, என் இஷ்டம்” என்பது உரிமையாளர்களின் வாதம். அக்கம்பக்கத்தார் பேசுவார்கள், உறவுக்காரர்கள் கேட்பார்கள் என்ற பயமும் அவர்களில் பலருக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் வாடகைக்கு என்று பலகை மாட்டியபின் அது ஒரு தொழில். அமெரிக்காவிலும் இதே வாதம் பேசப்பட்டது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே கையெழுத்தானது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 4-வது பிரிவில், எந்தப் பகுதியிலும் குடியிருப்பதற்குத் தீண்டாமையின் பெயரால் தடை விதிப்பதைக் குற்றம் என்கிறது. ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், தீண்டாமையின் காரணமாகவே அது நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லையென்று காட்டும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கே என்கிறது 12-வது பிரிவு. இந்த ஆயுதம் கையில் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. மறுபுறம், 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பற்றியும் முன்பணத்தைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறது. சாதி கேட்பதைப் பற்றிப் பேசவில்லை. சாதி, மதம் கேட்டு வீடு மறுப்பது குற்றம் என்று அதிலேயே ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். இதுவே நம் முதல் கோரிக்கை.

அடுத்தது ஏற்றுமதியாளர்களிடம். வெளிநாட்டு வாங்குவோர் பலர் பின்பற்றும் நடத்தை விதிகளில், பாகுபாடு கூடாதவற்றின் பட்டியலில் ‘சாதி’ என்ற சொல் தெளிவாக இருக்கிறது. அந்த விதி கம்பெனிச் சுவரோடு நின்றுவிடுகிறது. தொழிலாளி வேண்டும் என்று பஸ் அனுப்பி அழைத்துவருகிறவர்கள், அவர் மானத்தோடு தங்க இடம் பார்த்துத் தரவும் கடமைப்பட்டவர்கள். அரசு 1997-ல் சமத்துவபுரம் திட்டத்தை அறிவித்தபோது, நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு என்று வைத்து எல்லோரையும் ஒரே தெருவில் குடியேற்றியது. அந்த எண்ணம் தொழில் நகரத்து வாடகைக் குடியிருப்புகளுக்கும் வர வேண்டும். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. குழாயடியில் நடக்கும் அவமதிப்பையும் தொழிலாளர் பிரச்சினையாகத் தொழிற்சங்கங்கள் கையில் எடுக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சில சொற்கள். வீடு பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். உடன் வேலை செய்பவர் ஒருவர் கூட இருந்தால் அவரே சாட்சி. அட்வான்ஸுக்கு ரசீதும், வாடகைக்கு எழுத்து ஒப்பந்தமும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்பது சட்டம். குடியிருப்பவரை விரட்டத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதும் கூடாது. சாதியைக் காரணம் காட்டி மறுத்தால், யார், எப்போது, என்ன சொன்னார் என்று அன்றே எழுதி வையுங்கள். செல்போனில் வந்த செய்தியை அழிக்காதீர்கள். 14566 என்ற கட்டணமில்லா எண்ணிலும், மாவட்டக் காவல்துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவிலும் புகார் தரலாம். படித்த பிள்ளைகள், எழுதத் தெரியாதவர்களுக்கு அந்த மனுவை எழுதிக் கொடுங்கள்.

உலகம் உடுத்தும் பனியனில் நம் பெண்கள் போட்ட தையல் இருக்கிறது. அதை உடுத்துகிறவர் யாரும் தைத்தவரின் சாதியைக் கேட்பதில்லை. கம்பெனி வாசலில் “தைக்கத் தெரியுமா?” என்று மட்டும் கேட்கும் ஊர், வீட்டு வாசலில் “வாடகை ஒழுங்காகக் கொடுப்பீர்களா?” என்று மட்டும் கேட்கப் பழகட்டும்.