ஏற வேண்டியது எண்ணிக்கை மட்டுமா?

திருமலைக்கு நடந்து போகிறவர்கள் படியேறத் தொடங்கும் அலிபிரியிலிருந்து சற்றுத் தூரத்தில் ஸ்விம்ஸ் மருத்துவமனை. சித்தூரைத் தாண்டித் தெற்கே போனால் வேலூர் சி.எம்.சி. ரத்தக் கோளாறு என்றதும் இந்த வட்டாரத்துத் தெலுங்கு, தமிழ்க் குடும்பங்கள் நினைக்கும் மருத்துவமனைகள் இவை. உடலின் எதிர்ப்பாற்றலே ரத்தத் தட்டணுக்களை அழிக்கும் 'ஐ.டி.பி.' நோயில், ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய எண்ணிக்கை நாற்பதாயிரம் என்று ரிப்போர்ட்டில் வந்தால், வீட்டார் கேட்பது ஒன்றே: எப்படி ஏற்றுவது? டெங்கு காலங்கள் பழக்கிவிட்ட பதற்றம் இது. பப்பாளி இலைச் சாறும் உடனே வந்துவிடும். ஆனால் முதலில் கேட்க வேண்டியவை வேறு. ரத்தத்துளியை நுண்ணோக்கியில் பார்த்தார்களா? சோதனைக் குழாயில் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டாலும் கருவி குறைவாக எண்ணும். குறைவு உண்மையென்றால், ரத்தம் கசிகிறதா? அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், முப்பதாயிரமும் அதற்கு மேலும் உள்ள பெரியவர்களுக்குக் கசிவு இல்லையென்றாலோ லேசாக இருந்தாலோ, ஸ்டீராய்டு கொடுக்காமல் கவனித்து வரலாம் என்கிறது. குழந்தைகளுக்கு இன்னும் தாராளம்: தோலில் சில புள்ளிகள்தான் என்றால் எண்ணிக்கை எதுவானாலும் பொறுத்திருக்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது.

மருந்து தேவைப்படும்போது முதலில் வருவது ஸ்டீராய்டு. விலை மலிவு, பலரிடம் சில நாட்களிலேயே எண்ணிக்கை ஏறும். சிக்கலும் அங்கேதான். அளவைக் குறைத்ததும் பலருக்கு எண்ணிக்கை மறுபடி இறங்குகிறது. உடனே அளவு கூடுகிறது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் வாங்குகிறார்கள். சர்க்கரையும் காசநோயும் மலிந்த நாட்டில் இது விளையாட்டல்ல. எலும்பு தேய்கிறது, முகம் ஊதுகிறது, தூக்கம் கெடுகிறது, பதுங்கியிருந்த தொற்று தலைதூக்குகிறது. அதே வழிகாட்டுதல் ஸ்டீராய்டுக்கு வைக்கும் எல்லை ஆறு வாரம். ஆகவே தொடங்கும் நாளிலேயே, எப்படிக் குறைத்து எப்போது முடிப்பது என்பதையும் சீட்டில் எழுதியாக வேண்டும் என்பேன். நோயாளி தானாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால் அது இன்னும் அவசியம்.

மருந்து கொடுக்காமல் காத்திருந்து மூளையில் ரத்தம் கசிந்தால் யார் பொறுப்பு என்பார்கள். நியாயமான அச்சம். அது அரிதானது, பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான். ஆனால் நேர்ந்தால் உயிர்போகும். வயதானவர், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர், வாய்க்குள் ரத்தக் கொப்புளம் கண்டவர், அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் ஆகியோருக்குக் கணக்கே வேறு. இவர்களுக்குத் தயங்காமல் மருந்து வேண்டும். எண்ணைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. ஆளோடு சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். அலிபிரிப் படி ஏறலாமா என்பதற்குக்கூட ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

வசதியில்லாதவருக்குத் தேர்வு ஏது என்பது அடுத்த மறுப்பு, இதைவிடக் கடினமானது. மண்ணீரலை எடுப்பது 1916இல் பிராகில் தொடங்கிய வழி. மூன்றில் இருவருக்குப் பலன் நீடிக்கிறது, ஒருமுறைச் செலவோடு முடிகிறது. மாதந்தோறும் மாத்திரை வாங்க முடியாத குடும்பம் அதை நாடுவதில் குற்றமில்லை. ஆனாலும் ஓராண்டாவது காத்திருப்பது நல்லது, அதற்குள் நோயே தணியலாம். எடுக்குமுன்பே தொடங்கும் தடுப்பூசியும், எடுத்தபின் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓடும் பழக்கமும் ஆயுளுக்கும் வேண்டும். பக்கத்தில் மருத்துவர் இல்லாத ஊருக்கு அது மலிவான வழியல்ல. ஸ்டீராய்டுக்கு அடுத்த கட்ட மருந்துகளுக்கும் நிபந்தனைகள் உண்டு. ரிட்டுக்சிமாப் ஊசி போடுமுன் மஞ்சள் காமாலை பி வைரஸ் சோதனை கட்டாயம். எல்ட்ரம்போபேக் மாத்திரைக்கு ஈரல் சோதனை தேவை, ரத்தம் உறையும் அபாயமும் சிறிது உண்டு. பாலோ தயிரோ சேர்ந்தால் அந்த மாத்திரை உடலில் சரியாகச் சேராது. அவற்றைச் சாப்பிட்டு நான்கு மணி நேரம் கழித்தோ, சாப்பிட இரண்டு மணி நேரம் முன்போ போட வேண்டும். தயிர்சோறு இல்லாமல் சாப்பாடு முடியாத வீட்டில் இதை யாரும் சொல்லாவிட்டால், கடன்பட்டு வாங்கிய மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி அடுத்த மருந்துக்குப் போய்விடுவார்கள்.