வீட்டுத் தோட்டம்: பல்கணியில் ஜெரேனியம்

சுவிஸில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் யன்னலுக்கு யன்னல் சிவப்பாய்ப் பூத்துத் தொங்கும் செடியைக் கண்டிருப்பீர்கள். அதுதான் ஜெரேனியம். புதிதாக வீடு கிடைத்த பலர் ஆசையோடு வாங்கி வைத்து, பட்டுப்போனதும் கைவிட்டுவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

வந்த முதல் வருடம் ஏப்ரலில் நல்ல வெயில். ஆறு கன்று வாங்கி அன்றே பல்கணியில் நட்டோம். மே தொடக்கத்தில் ஓரிரவு உறைபனி. விடிய எழும்பிப் பார்த்தால் இலையெல்லாம் அவித்த கீரை மாதிரிக் கிடந்தது. மேல்வீட்டு வயோதிப அம்மா பார்த்துவிட்டு, "ஐஸ்ஹைலிகன் முடியுமுன் வைக்கலாமா?" என்றார். மே 12 முதல் 15 வரை வரும் புனிதர்களின் நாட்களை ஜேர்மன் பேசும் மக்கள் அப்படிச் சொல்வார்கள். கடையில் எப்போது விற்றாலும் சரி, அந்த நாட்கள் கழிந்தபின்பே வெளியே வையுங்கள்.

இதன் சொந்த ஊர் தென்னாபிரிக்கா. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. சரியான பெயர் பெலார்கோனியம். வெயிலும் தாகமும் தாங்கும். உறைபனியும் வேரில் தேங்கும் நீரும்தான் ஆகாது. எனவே வெயில் படும் பக்கம், அடியில் துளையுள்ள பெட்டி, கன்றுக்குக் கன்று 20 சென்ரிமீற்றர் இடைவெளி. மேல்மண் காய்ந்ததா என்று விரலால் பார்த்து ஊற்றுங்கள். ஊரில் மிளகாய்க்கு இறைத்த கைகள் சும்மா இருக்காதுதான்! நாங்கள் ஊற்றியது வழிந்து கீழ்வீட்டாரின் காயப்போட்ட உடுப்பில் விழ, வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. பெட்டியின் கீழ் தட்டு வைக்க மறக்காதீர்கள். தட்டில் நிற்கும் நீரையும் ஊற்றிவிடுங்கள். பெட்டியை வெளிப்பக்கம் தொங்கவிடச் சில வீடுகளில் அனுமதியில்லை, கேட்டுச் செய்வது நல்லது.

வாடிய பூவைக் காம்போடு அடியில் ஒடித்துவிட்டால் புதுப்பூ வரும். கோடையில் கிழமைக்கு ஒருமுறை திரவப் பசளை போதும்.

உறைபனிக்கு முன், ஒக்ரோபரில், உள்ளே எடுங்கள். ஹீற்றர் பக்கத்தில் வைத்தால் நெடுத்து வெளிறிப்போகும். 5 முதல் 10 பாகை குளிருள்ள, வெளிச்சம் வரும் இடம் உகந்தது. படிக்கட்டு யன்னலோரம் என்றால் அயலவரைக் கேட்டு வையுங்கள். பசளை வேண்டாம், மண் முழுதாய் வரளாத அளவுக்குக் கொஞ்சத் தண்ணீர். மார்ச்சில் கட்டையாக வெட்டி, புது மண்ணிட்டு, சூடான இடத்துக்கு மாற்றுங்கள்.

காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி: ஓகஸ்ட்டில் பூவில்லாத நுனித்தடியை 10 சென்ரிமீற்றர் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, சில மணிநேரம் வெட்டுவாய் காயவிட்டு ஈரமண்ணில் ஊன்றுங்கள். மூன்று நான்கு கிழமையில் வேர்விடும். சென்ற வருடம் நாங்கள் ஊன்றிய பத்தில் எட்டுப் பிழைத்தன. இரண்டைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தோம். பிறகு கடிதம் எதுவும் வரவில்லை.

அடுத்த இதழில் யன்னலோரக் கறிவேப்பிலை.