பழைய வண்டிக்குப் புதிய அங்கங்கள்

2022ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சம் நம் நாட்டை வாட்டியபோது, மூலையிற் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் பல மீண்டும் வீதிக்கு வந்தன. பாட்டனார் ஓட்டிய உருக்கு வண்டியின் அழகும் வேண்டும், இக்காலத்து வசதியும் வேண்டும் என்று அவற்றைப் புதுக்க விழைவோர் இன்றும் உளர். நல்ல விருப்பமே. ஆயினும் அவர்கள் முதலில் வினவுவது, "எந்த நிறம் பூசலாம்?" என்பதே. நாமோ, "வண்டி எங்கே நிற்கும்?" என்று வினவுவோம்.

தெஹியோவிட்டை அவிசாவளையிலிருந்து அட்டன் செல்லும் வீதியில் உள்ளது. அவ்வீதி யட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாக மலையேறுகின்றது. றப்பர்த் தோட்டங்களுக்குச் செல்லும் கிளைப் பாதைகளும் ஏற்றமும் இறக்கமுமாகவே இருக்கின்றன. மழைக்கோ குறைவில்லை. பழைய வண்டிகளின் பளபளக்கும் குரோமிய முலாம் பூசிய உருக்கு றிம் நனைந்துவிட்டால், பிறேக் கட்டை வழுக்கும். அலுமினிய றிம்மும் ஈரத்திற் சற்றே தளரும். எனினும் விரைவிற் பற்றிக்கொள்ளும். ஆதலால் முதற்செலவு அலுமினிய றிம்முக்கும் நல்ல பிறேக்குக்குமே ஆகுக. பழைய 28 அங்குலச் சில்லின் றிம் 635 மில்லிமீற்றர். இக்காலத்து றிம் 622. எனவே பிறேக்கின் கை றிம்மை எட்டுமா என்று அளந்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

அடுத்தது ஏற்றம். முன்னே 48 பல்லும் பின்னே 18 பல்லும் உடைய வண்டி, பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 6 மீற்றர் ஓடும். சமவெளிக்கு அது நன்று. மலைக்கு முழங்காலே சாட்சி. பின்னே 22 பல்லும், 1902இல் தோன்றிய ஸ்ரேமி ஆர்ச்சர் மூன்று வேகக் குடமும் பொருத்தினால், தாழ்ந்த வேகத்தில் அது மூன்றரை மீற்றராகக் குறையும். பற்சக்கரங்கள் குடத்தினுள் அடங்கியிருத்தலின் மழையும் சேறும் அவற்றை எளிதில் அணுகா. பழைய சட்டத்தின் இடைவெளிக்கும் அது பெரும்பாலும் பொருந்தும்.

பெடல் அச்சு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க. பழைய றலி வண்டிகளில் அவ்விடத்துப் புரி அங்குலத்துக்கு 26. பொதுவான ஆங்கில அளவோ 24. மாறியதை முறுக்கி ஏற்றினாற் சட்டமே பாழாகும். பழைய கிண்ணங்கள் தேயாதிருப்பின் அவற்றையே துப்புரவாக்கிப் புதிய குண்டுகளும் கிறீசும் இடுக.

இறுதியாகவே பூச்சு. துருவை முற்றாக நீக்கி, துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு இட்டு, அதன்மேல் நிறம் பூசுதல் வேண்டும். சூட்டில் உருக்கிப் படியவைக்கும் தூட்பூச்சு உறுதியானது. ஆனால் தடித்துப் படியுமாயின் குழாய் மூட்டுக்களின் நுண்ணிய வளைவுகளை மறைத்துவிடும். எனவே மெல்லியதாக இடச் சொல்லுக; புரிகளை மூடிவைக்கச் சொல்லவும் மறவற்க. குழாய்களின் உட்புறத்தில் துருத்தடுப்பு எண்ணெய் ஊற்றிச் சுழற்றுதலும் இன்றியமையாதது. உருக்குச் சட்டத்தை உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே அதன் அடையாளம் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

கருமையும் பொற்கோடும் தோற்சீற்றும் பழமையைக் காக்கட்டும். ஏறுமிடத்திலும் நிறுத்துமிடத்திலும் புதுமையே இருக்கட்டும். கைப்பணம் போதாதெனின் நிறம் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம், பிறேக் காத்திருத்தலாகாது. மழைநாளில் மகன் மலையிறங்கி வரும் வழியை வாசலில் நின்று நோக்கும் தாய்க்கு, வண்டியின் நிறம் ஒரு பொருட்டன்று.