கேக் ஏர்பிரஷ்: காற்று எங்கே ஒழுகுகிறது?



வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கும் சகோதரிகள் பலரிடம் இப்போது ஏர்பிரஷ் இருக்கிறது. ஐசிங்கின் மேல் நிறத்தைப் பனிபோலத் தூவும் சிறிய கருவி. விற்பவர்கள் தூவும் விதத்தைக் காட்டித் தருகிறார்கள். பழுதானால் என்ன செய்வது என்பதைச் சொல்வதில்லை.

சென்ற மாதம் அயல்வீட்டுப் பிள்ளையொருத்தி இஷாவுக்குப் பிறகு ஓடி வந்தாள். "மாமி, ஏர்பிரஷ் உஸ்ஸென்று இரைஞ்சிக்கிட்டே இருக்கு. நாளை மறுநாள் நிக்காஹ் கேக். அட்வான்ஸும் எடுத்திட்டேன். காப்பை அடகு வச்சுப் புதுசு வாங்கவா?"

"காப்பு கையிலேயே இருக்கட்டும் மகள். சவர்க்காரத் தண்ணி கொண்டு வா" என்றேன்.

கம்ப்ரெஸரை ஓடவிட்டு, குழாய் பொருந்தும் இடங்களிலெல்லாம் சவர்க்கார நுரையைத் தூரிகையால் பூசிப் பாருங்கள். ஒழுகும் இடத்தில் குமிழி கிளம்பும். குழாயின் திருகில் ஒழுகினால், தண்ணீர்க் குழாய் வேலைக்குப் பாவிக்கும் வெள்ளை டேப்பை இறுக்கும் திசையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி மூட்டினால் போதும். முன்னாலுள்ள நொசிலில் மட்டும் அந்த டேப்பைச் சுற்றவே கூடாது.

நிறம் ஊற்றும் கிண்ணத்துக்குள் குமிழி வந்தால் குற்றம் நொசிலில். அது அடைத்திருக்கும், சரியாக இறுகாமல் இருக்கும், அல்லது நுனி வெடித்திருக்கும். வெடித்த நொசிலை மாற்றத்தான் வேண்டும். மயிரிழை போன்ற வெடிப்பு சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி தேவை. இறுக்குகிறேன் என்று குறட்டால் திருகி வெடிக்க வைப்பவர்களே அதிகம்!

அந்தப் பிள்ளையின் ஏர்பிரஷில் இவை ஒன்றுமில்லை. விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் முன்வாயால் காற்று வந்துகொண்டிருந்தது. அப்படியானால் விசைக்கு நேர் கீழேயுள்ள வால்வு மூடவில்லை என்று பொருள். கழற்றினோம். உள்ளேயிருந்த சின்ன ரப்பர் வளையம் ஊறிப் பெருத்து, வால்வின் தண்டை நகரவிடாமல் பிடித்திருந்தது.

"எதில் கழுவினாய்?"

தயங்கித் தயங்கிச் சொன்னாள். காய்ந்த நிறம் போகவில்லையென்று, யாரோ சொன்னதைக் கேட்டு, பெயின்ற் தின்னரில் இரவு முழுக்க ஊறப்போட்டிருக்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தின்னர் பல ரப்பர் வகைகளை ஊதிப் பெருக்க வைக்கும்; அது போகட்டும். மக்கள் உண்ணும் கேக்கின் மேல் அல்லவா அந்தக் கருவியால் தூவுகிறோம்? ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் எறியச் சொன்னேன். உலோகப் பாகங்களைச் சவர்க்காரமும் சுடுநீரும் இட்டு, வாடை அறவே போகும்வரை கழுவினோம். கருவியோடு வந்த பெட்டியில் புதிய வளையங்கள் இருந்தன. ஐசிங்குக்கு வைத்திருந்த தாவரக் கிளிசரினில் ஒரு சொட்டுத் தடவி மாட்டியதும் இரைச்சல் நின்றது, அல்ஹம்துலில்லாஹ். காப்பும் தப்பியது. (பெயின்ற் அடித்த பழைய ஏர்பிரஷை மலிவென்று கேக்குக்கு வாங்குவோரும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.)

நிறத்தைக் காயவிடாமல் இருந்தால் தின்னரின் நினைப்பே வராது. ஒவ்வொரு நிறம் முடிந்ததும் கிண்ணத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, தெளிவாக வரும்வரை தூவிவிடுங்கள். நாள் முடிவில் ஊசியை மெதுவாக உருவி, ஈரத்துணியால் நுனிப்பக்கமாகத் துடையுங்கள். நுனி சற்று வளைந்தாலும் நிறம் துப்பும். நமது புழுக்கமான காலநிலையில் கம்ப்ரெஸரின் நீர்க்கிண்ணம் சீக்கிரம் நிரம்பும், அதையும் வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை ஐசிங்கில் தண்ணீர்ப் பொட்டு விழும்.

சில சிவப்பு நிறப் போத்தல்களில் ஈ120 என்றிருக்கிறதே, அது பூச்சியிலிருந்து எடுப்பதா என்று சகோதரிகள் கேட்கிறார்கள். ஆம். அதைப் பற்றி அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ்.