கவர்னர் மாளிகையும் கம்பம் பள்ளத்தாக்கும்

கம்பம் பள்ளத்தாக்கில் கவர்னருக்கு மாளிகை எதுவும் கிடையாது. அப்படியிருந்தும், கூடலூரைத் தாண்டி லோயர்காம்ப் மணிமண்டபத்தின் முன் நின்றபோது நமக்குக் கவர்னர் மாளிகைகளின் ஞாபகம் வந்தது. காரணத்தைச் சொல்லுகிறோம்.

சென்னை அரசினர் தோட்டத்தில் இருந்த மாளிகையைக் கும்பினியார் 1753-இல் மெதைரோஸ் சீமாட்டியிடமிருந்து வாங்கினார்கள். பிளாசிப் புகழ் கிளைவின் குமாரர் எட்வர்டு கிளைவ் கவர்னராக வந்ததும் அந்த வீடு அவருக்குப் போதவில்லை. அதைப் பெருக்கிக் கட்டியதோடு, பக்கத்தில் ஒரு விருந்து மண்டபத்தையும் எழுப்பினார். அமைத்துக் கொடுத்தவர் ஜான் கோல்டிங்காம் என்ற வான சாஸ்திரி. கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண்களும் அகன்ற படிக்கட்டுமாக 1802-இல் முடிந்த அந்த மண்டபம், பிளாசி வெற்றிக்கும் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்ததற்கும் ஞாபகச் சின்னம்.

கோடை வெயில் தாங்காத கவர்னர்களுக்கு உதகையிலும் மாளிகை வேண்டியிருந்தது. அதைக் கட்டுவித்தவர் 1875 முதல் 1880 வரை ஆண்ட பக்கிங்ஹாம் பிரபு. அந்த ஆண்டுகளில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் கஞ்சிக்கு வழியின்றி மாண்டார்கள். பிரபு நிவாரணமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். அவர் பெயர் தாங்கிய கால்வாயில் ஒரு பகுதி பஞ்சக் கூலிகள் வெட்டியதே. ஆனாலும் மலைமேல் மாளிகை எழுந்ததும், சமவெளியில் பிணங்கள் விழுந்ததும் ஒரே காலத்தில்தான்.

வெகு காலம் காகிதத்தில் கிடந்த பெரியாற்றுத் திட்டத்துக்கு உயிர் கொடுத்ததும் அந்தப் பஞ்சமே. 1886-இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. காட்டுக் காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே பென்னிகுயிக் துரையும் ஆயிரக்கணக்கான கூலியாட்களும் அணையைக் கட்டினார்கள். மேற்கே ஓடிய நதி நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்துவைத்தார்.

பிற்பாடு நடந்ததைப் பாருங்கள். அரசினர் தோட்டத்து மாளிகை புதிய சட்டசபைக்காக இடிக்கப்பட்டது. 2010-இல் திறந்த அந்தச் சட்டசபைக் கட்டடமும் 2014-இல் ஆஸ்பத்திரியாயிற்று. விருந்து மண்டபம் ராஜாஜி மண்டபம் என்று பெயர் மாறியது. வெள்ளைக்காரர் வெற்றி விருந்துக்குக் கட்டிய இடத்தில், அண்ணாவுக்கும் காமராஜருக்கும் எம்.ஜி.ஆருக்கும் கடைசி மரியாதை செலுத்த ஜனங்கள் அழுதுகொண்டு நின்றார்கள்.

வென்லாக் பிரபுவின் படத்தைக் கம்பம் பக்கத்தில் எந்த வீட்டிலும் நாம் கண்டதில்லை. பென்னிகுயிக் படத்தையோ டீக்கடையிலும் காணலாம். அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். 2013-இல் மணிமண்டபமும் எழுந்துவிட்டது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரைக் குடியானவன் மறப்பதில்லை.

நமக்கு ஒரே ஒரு குறை. அணை வேலையில் உயிர்விட்ட கூலியாட்களுக்குப் படமும் இல்லை, பெயரும் இல்லை. அடுத்த பொங்கலுக்கு அவர்களை நினைத்தும் ஒரு பானை ஏற்றுவது நியாயமல்லவா?