அலாவுதீன் சுலைமான் நபியின் மகனா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

சுலைமான் நபி (அலை) அவர்களுக்கு அலாவுதீன் என்றொரு மகன் இருந்தாரா? ஆழ்வார்பேட்டையிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் உள்ள குடியிருப்புகளிலிருந்து மாலையில் ஓத வரும் பிள்ளைகளிடமிருந்து இக்கேள்வி எழுந்திருக்கிறது. கேலிக்காகக் கேட்கப்பட்ட கேள்வி இல்லை. படித்த ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளும் ஆவலோடு கேட்கப்பட்டது. எங்கே படித்தீர்கள் என்று விசாரித்தால், ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றின் பெயர் பதிலாக வருகிறது. இந்தப் பதிலைக் கேட்டுக் கோபம் கொள்வது எளிது. கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, விஷயம் என்னவென்று முதலில் தெரிந்துகொள்வோம்.

சித்திரக்கதை சொல்வது என்ன?

ஷினோபு ஓதகா என்ற ஜப்பானியப் பெண்மணி எழுதி வரைந்த 'மாகி' என்னும் சித்திரக்கதை, 2009 முதல் 2017 வரை அந்நாட்டு வார இதழ் ஒன்றில் தொடராக வெளிவந்தது. பின்னர் 37 தொகுதிகளாக நூலாக்கப்பட்டது. 2012இல் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. இன்று ஆங்கில மொழிபெயர்ப்பு உலகெங்கும் கிடைக்கிறது. ஆயிரத்தொரு இரவுகள் என்ற பெயரோடு நாம் அறிந்த மூவர், அதாவது அலாவுதீன், அலிபாபா, சிந்துபாத் ஆகியோரே அதன் முதன்மைப் பாத்திரங்கள். பழைய விளக்கின் இடத்தில் அலாவுதீனிடம் ஒரு புல்லாங்குழல் இருக்கிறது. அதிலிருந்து தலையில்லாத நீலநிறப் பேருருவம் ஒன்று வெளிப்படுகிறது. சிந்துபாத், ஏழு ஜின்களின் ஆற்றலைப் பெற்ற மன்னனாக வருகிறான்.

இதுவரை நமக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. கதை வளரும்போதுதான் வேறொன்று நிகழ்கிறது. சுலைமான் (அலை) அவர்களின் பெயரைத் தாங்கிய மன்னர் ஒருவர் அதில் மாபெரும் மந்திரவாதியாக வருகிறார். ஜின்கள் அவருடைய படைப்பாகவும் படையாகவும் காட்டப்படுகின்றன. அவருடைய தந்தையாக, தாவூத் (அலை) அவர்களின் பெயரைத் தாங்கியவர், கதையின் பெருந்தீயவர்களுள் ஒருவராக வரையப்பட்டிருக்கிறார். அவ்வுலகின் இறைவனுக்கு 'இல் இலாஹ்' என்று பெயர். நம் கலிமாவில் உள்ள இலாஹ் என்ற சொல்லின் ஓசையே அது! அந்த இறைவனிடமிருந்து வல்லமையைப் பறித்து உலகின் போக்கை மாற்றுகிறவராக அந்த மன்னர் புகழப்படுகிறார். அவருக்கும் ஷேபா என்ற பெண்ணுக்கும் பிறந்த மகனே அலாவுதீன் என்கிறது கதை.

ஆக, இறைவனுக்கு நன்றி செலுத்துவதையே தம் வாழ்வாக்கிக்கொண்ட ஒரு நபி, இறைவனை எதிர்த்து வென்ற வீரராக நம் பிள்ளைகளின் உள்ளத்தில் குடியேறுகிறார். அலாவுதீன் யார் என்பது அற்பமான கேள்வி. சுலைமான் யார் என்பது ஈமானைச் சார்ந்த கேள்வி.

அலாவுதீனுக்காக நாம் வழக்காடவில்லை

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அலாவுதீன் நம் மார்க்கத்துக்குச் சொந்தமானவன் அல்லன். ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் பிரதிகளில் அவன் கதை கிடையாது. அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற கிறிஸ்தவர் 1709இல் பாரிசில் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டு, அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞர் 1712இல் தம் நூல்வரிசையில் சேர்த்தார். அந்தக் கதையிலேயே அலாவுதீன் சீன நாட்டுத் தையற்காரர் ஒருவரின் மகன். மூன்று வரங்கள் என்ற கணக்கும் அதில் இல்லை. 1992இல் வந்த டிஸ்னி படம்தான் அந்தக் கணக்கை இன்றைய பிள்ளைகளின் மனத்தில் பதித்தது.

தமிழ்நாட்டிலும் அவன் பல வேடம் தரித்தவன்தான். 1957இல் வந்த 'அலாவுதீனும் அற்புத விளக்கும்' படத்தில் நாகேஸ்வர ராவ் அலாவுதீனாகவும் ரங்காராவ் பூதமாகவும் நடித்தார்கள். 1979இல் அதே பெயரில் ஐ.வி. சசி எடுத்த படத்தில், ஆழ்வார்பேட்டை என்றாலே மக்கள் நினைவுக்கு வரும் கமல்ஹாசன் அலாவுதீனாக நடித்தார். அப்படங்களைப் பார்த்த நம் பெற்றோர் தலைமுறையில் எவரும் அலாவுதீனை ஒரு நபியின் மகனாக எண்ணவில்லை. கதை கதையாகவே இருந்தது. நம் முன்னோர் 'நூறு மசலா', 'சைத்தூன் கிஸ்ஸா' போன்றவற்றை இரவுகளில் கூடியமர்ந்து வாசிக்கக் கேட்டவர்கள். கிஸ்ஸா எது, வேதம் எது என்ற வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, அலாவுதீனுக்கு எவர் எந்த உடையை அணிவித்தாலும் நாம் வருந்தப்போவதில்லை.

ஆனால் நபிமார்கள் கதை மாந்தர்கள் அல்லர். அவர்களை நம்புவது ஈமானின் தூண்களுள் ஒன்று. கற்பனைப் பாத்திரத்தின் வரிசையில் ஒரு நபியை நிறுத்திவிட்டால், நாளை அந்தப் பிள்ளைக்கு நபியும் கற்பனைப் பாத்திரமாகவே தோன்றும். அலாவுதீன் உண்மை என்று எந்தப் பிள்ளையும் ஏமாந்துவிடாது. சுலைமான் (அலை) அவர்களும் அலாவுதீனைப் போலத்தானோ என்ற ஐயம் தோன்றுவதே நாம் அஞ்சும் ஆபத்து.

இது புதிய அவதூறு அன்று

சுலைமான் (அலை) அவர்களை மந்திரவாதியாகச் சித்தரித்தது இந்தச் சித்திரக்கதை முதன்முதலில் செய்த காரியமும் அன்று. திருக்குர்ஆன் அருளப்பட்ட காலத்திலேயே இந்தப் பழி உலவியது. அதற்கு அல்லாஹ்வே நேரடியாக விடையளித்தான். சுலைமான் இறைமறுப்பாளராக இருந்ததில்லை என்றும், மக்களுக்குச் சூனியத்தைக் கற்றுக்கொடுத்த ஷைத்தான்களே மறுப்பாளர்கள் என்றும் 2ஆம் அத்தியாயம் 102ஆம் வசனம் அறிவிக்கிறது.

அந்தப் பழி அத்துடன் அழிந்துவிடவில்லை. சுலைமான் (அலை) அவர்களின் பெயரால் மந்திர நூல்கள் ஐரோப்பாவில் எழுதப்பட்டன. 17ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட அத்தகைய நூலொன்று, அவர் அடக்கி வைத்ததாக 72 கெட்ட ஆவிகளின் பெயர்களைப் பட்டியலிடுகிறது. 'மாகி'யில் வரும் ஜின்களின் எண்ணிக்கையும் 72. ஆமோன் முதலிய அவற்றின் பெயர்களும் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவையே. திருக்குர்ஆன் மறுத்த பழி, ஐரோப்பிய மந்திர நூல் வழியாக ஜப்பான் சென்று, வண்ண அட்டையிட்ட நூலாக நம் வீட்டுப் படிப்பு மேசைக்கு வந்திருக்கிறது. வரைந்தவருக்கு இஸ்லாத்தின் மீது பகை இருந்ததாக நாம் சொல்லவில்லை. அவர் தமக்குக் கிடைத்ததைக் கொண்டு கதை புனைந்தார். ஆனால் கையிலிருந்த மறுப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருந்தவர்கள் யார்?

குர்ஆன் காட்டும் சுலைமான் (அலை)

எறும்புகளின் பள்ளத்தாக்கை ஒரு படை நெருங்குகிறது. தம் கூட்டத்தாரைப் புற்றுக்குள் சென்றுவிடுமாறு ஓர் எறும்பு எச்சரிக்கிறது. சுலைமானும் அவருடைய படையும் அறியாமல் மிதித்துவிடக்கூடும் என்று அது அஞ்சுகிறது. அதைக் கேட்ட மன்னர் புன்னகைக்கிறார். உடனே, தமக்கு அருளப்பட்டவற்றுக்கு நன்றி செலுத்தும் பேற்றைத் தருமாறு இறைவனிடம் இறைஞ்சுகிறார் (27:18,19). உலகில் எந்தச் சித்திரக்கதை வீரன் ஓர் எறும்பின் அச்சத்தைக் கேட்டு நின்றிருக்கிறான்?

ஸபா நாட்டு அரியணையை, அவர் அவையிலிருந்து எழுவதற்குள் கொண்டுவருவதாக ஜின்களில் ஓர் இஃப்ரீத் முன்வருகிறது. வேதஞானம் பெற்ற ஒருவரோ கண்ணிமைக்கும் நேரத்தில் கொண்டுவருவதாகச் சொல்கிறார். அரியணை வந்து நின்றபோது சுலைமான் (அலை) தம் வல்லமையைப் பேசவில்லை. இது தம் இறைவனின் அருள் என்றும், தாம் நன்றி செலுத்துகிறோமா என்பதற்கான சோதனை என்றும் கூறினார்கள் (27:39,40).

அவர்கள் கைத்தடியில் சாய்ந்த நிலையில் மரணம் அடைந்தபோது, ஜின்களுக்கு அது தெரியவில்லை. கரையான் அந்தத் தடியை அரித்து, அவர்கள் கீழே சாய்ந்த பின்னரே தெரிந்தது. மறைவானவற்றை அறிந்திருந்தால் அத்தனை காலம் அந்தக் கடும் உழைப்பில் உழன்றிருக்க மாட்டார்கள் (34:14). ஜின்களின் ஆற்றலைக் கண்டு வியக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு கரையான் போதும்!

தாவூத் (அலை) அவர்கள் யார்? மலைகளும் பறவைகளும் உடன் சேர்ந்து துதித்த நபி அவர்கள். மன்னராக இருந்தும் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கொடியவனுக்குரிய பெயராக நம் பிள்ளை மனனம் செய்துகொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொழுகையில் குறுக்கிட்ட ஓர் இஃப்ரீதைப் பிடிக்கும் ஆற்றலை நம் நபி (ஸல்) அவர்களுக்கு அல்லாஹ் கொடுத்தான். காலையில் மக்கள் பார்க்கும்படி அதைப் பள்ளிவாசல் தூணில் கட்டிவைக்க அவர்கள் எண்ணினார்கள். ஆனால் தம் சகோதரர் சுலைமான் செய்த துஆ நினைவுக்கு வரவே, அதை விட்டுவிட்டார்கள். புகாரியில் இடம்பெற்றிருக்கும் செய்தி இது. ஒரு நபி மற்றொரு நபிக்குக் காட்டிய கண்ணியம் இது. அந்தக் கண்ணியத்தின் வாரிசுகளாகிய நாம் என்ன காட்டுகிறோம்?

மூன்று சமாதானங்கள்

கதைதானே, பிள்ளை வளர்ந்தால் மறந்துவிடும் என்பது முதல் சமாதானம். பத்து வயதில் படித்த கதைகளில் எத்தனையை நாம் மறந்தோம்? பாடப் புத்தகம்தான் மறந்தது. கதைகள் அப்படியே இருக்கின்றன.

எல்லாச் சித்திரக்கதைகளையும் வீட்டிலிருந்து விலக்கிவிட்டோம் என்பது இரண்டாவது. விலக்கிவிட்டு அந்த இடத்தில் எதை வைத்தோம்? பள்ளித் தோழனின் பையிலும் கைப்பேசியிலும் அது இருக்கிறது. பூட்டிய கதவு பிள்ளைக்கு ஆவலை மட்டுமே வளர்க்கும்.

முஸ்லிம்களே நல்ல சித்திரக்கதை வரைந்துவிட்டால் போதும் என்பது மூன்றாவது. குவைத்தைச் சேர்ந்த உளவியலாளர் நாயிஃப் அல்முதவ்வா 2006இல் 'தி 99' என்ற தொடரைத் தொடங்கினார். வன்முறையற்ற வீரர்களை முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற அவருடைய நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஜப்பார், நூரா என்று அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களின் சாயலில் வீரர்களுக்குப் பெயரும் ஆற்றலும் கொடுக்கப்பட்டபோது, உலமாக்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. எல்லை அறியாதவர் பிறராயினும் நம்மவராயினும் எல்லை ஒன்றுதான்.

செய்ய வேண்டியது என்ன?

நூலைப் பறிக்காதீர்கள். பிள்ளையின் அருகில் அமர்ந்து அதைப் புரட்டிப் பாருங்கள். இதில் எது கிஸ்ஸா, எது நபியின் பெயர் என்று பிள்ளையையே பிரித்துச் சொல்ல வையுங்கள். பிறகு 27ஆம் அத்தியாயமாகிய அந்நம்லை எடுத்து, எறும்பையும் ஹுத்ஹுத் பறவையையும் உங்கள் வாயால் சொல்லுங்கள். விளக்கைத் தேய்த்து வரம் கேட்கும் காட்சி வந்தால், ஜின்களிடம் பாதுகாப்புத் தேடிய மனிதர்களைப் பற்றி 72ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம் என்ன சொல்கிறது என்று காட்டுங்கள். ஜின்களும் நம்மைப் போலவே அல்லாஹ்வை வணங்கப் படைக்கப்பட்டவை (51:56). அவை எவருடைய விளக்கிலும் அடைபட்ட வேலையாட்கள் அல்ல.

தமிழில் நூல் இல்லை என்று சொல்ல இயலாது. ஆழ்வார்பேட்டையை ஒட்டிய மயிலாப்பூர் சி.ஐ.டி. காலனியிலிருந்துதான் ரஹ்மத் பதிப்பகம் இப்னு கஸீர் விரிவுரையையும் புகாரியையும் தமிழில் வெளியிட்டிருக்கிறது. பெரியவர்களுக்குரிய அந்தச் செல்வம் அலமாரியில் அழகுக்காக நிற்கிறது. அதைப் பிள்ளைகளின் மொழிக்கு இறக்கித் தரும் வேலை நம்முடையது. தூலிகா பதிப்பகம் 1996 முதல் நாட்டுப்புறக் கதைகளைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் குழந்தைகளுக்கான படநூல்களாகக் கொண்டுவருகிறது. பிறர் தங்கள் கதைகளுக்காக எடுக்கும் உழைப்பை, நம் நபிமார்களின் வரலாற்றுக்காக நாம் எடுத்தோமா? நபிமார்களை வரையலாகாது, சரி. நன்றி மறவாமையையும் பணிவையும் கற்பிக்க, ஒரு பள்ளத்தாக்கும் ஒரு கைத்தடியும் ஓர் அரியணையும் வரையத் தடையில்லையே! நம் பதிப்பாளர்களும் செல்வந்தர்களும் ஜமாஅத்துகளும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மக்தப் ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. எழுத்தின் உச்சரிப்பைத் திருத்த நாள்தோறும் ஒரு மணி நேரம் செலவிடுகிறோம். அந்த எழுத்துகள் யாரைப் பற்றிப் பேசுகின்றன என்பதைச் சொல்லப் பத்து நிமிடமாவது ஒதுக்கியாக வேண்டும்.

குர்ஆன் காட்டும் சுலைமான் (அலை) அவர்களை முதலில் அறிந்த பிள்ளை, சித்திரக்கதையில் வரும் மந்திரவாதியைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளும். பிறகு அலாவுதீன் புல்லாங்குழல் ஊதினாலும் கம்பளத்தில் பறந்தாலும் நமக்குக் கவலையில்லை.

நபிமார்களின் கண்ணியத்தை நம் பிள்ளைகளின் உள்ளங்களில் பதித்து, நன்றியுள்ள அடியார்களாக அவர்களை வளர்க்கும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.