‘நிரந்தரப் பல்’ என்று சொல்லலாமா?

விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் டைட்டானியத் திருகாணியைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல் பொருத்துவதை ‘இம்பிளாண்ட்’ என்கிறோம். அதற்குச் சொத்தை வராது. ஆனாலும் அதை ‘நிரந்தரப் பல்’ என்று விளம்பரம் செய்வது தவறு என்பேன். பல் கெடாவிட்டாலும், அது ஊன்றி நிற்கும் எலும்பு கரைந்துபோகலாம்.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950களில் முயலின் எலும்பில் ஒரு டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். பிறகு கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதோடு இணைந்துவிட்டது. 1965இல் மனிதருக்கு முதன்முதலாகப் பல் பதித்தார். எலும்பு டைட்டானியத்தோடு இப்படி இணையும், ஈறு இணையாது. இயற்கைப் பல்லின் வேரில் ஈற்றின் நார்கள் தையல் போட்டதுபோல் ஊடுருவி நிற்கும். டைட்டானியத்தைச் சுற்றியோ அவை சட்டைக் கழுத்துப்பட்டிபோல் வெறுமனே சூழ்ந்திருக்கும். அந்த இடுக்கில் கிருமிப் படலம் எளிதாக இறங்கும்.

முதலில் ஈறு மட்டும் சிவந்து வீங்கும், பல் துலக்கினால் இரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் படலத்தை நன்றாக அகற்றினால் ஈறு பழையபடி ஆகிவிடும். விட்டுவிட்டால் அழற்சி எலும்புக்குப் பரவும். கரைந்த எலும்பு தானாக வளராது. பெரும்பாலும் வலியும் இருக்காது. அடியில் மிஞ்சிய எலும்பு பிடித்திருக்கும்வரை பல் ஆடாது. புகைப்பவர்களுக்கும், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உள்ளவர்களுக்கும், முன்பே ஈறு நோய் வந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

மருத்துவர் மெல்லிய அளவுக்கோலை ஈற்றோரம் நுழைத்து ஆழத்தையும் இரத்தக் கசிவையும் பார்ப்பார். பிறகு எக்ஸ்ரே எடுத்து, பல் பொருத்திய காலத்து எக்ஸ்ரேயோடு ஒப்பிடுவார். பழைய படம் இல்லையென்றால், எலும்பு எவ்வளவு குறைந்தது என்று சொல்வது கடினம். அந்தப் படத்தின் நகலை ஒவ்வொரு நோயாளியிடமும் கொடுத்தே அனுப்ப வேண்டும். பராமரிப்புச் செலவையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கார் விற்பவர்கூட சர்வீஸ் பற்றிச் சொல்கிறாரே!

நோய் முற்றினால் ஈற்றைத் திறந்து சுத்தம் செய்ய நேரிடும். சிலருக்கு எலும்புத் துகள் வைத்துச் சரிசெய்வார்கள். சிலருக்குத் திருகாணியையே எடுத்துவிடுவார்கள். மாத்திரை மட்டும் போதாது.

உங்கள் தாத்தா பாட்டிக்கு இம்பிளாண்ட் இருந்தால், பல் இடுக்குத் தூரிகை பயன்படுத்துகிறார்களா, கடைசியாக எப்போது பரிசோதனைக்குப் போனார்கள், அந்த முதல் எக்ஸ்ரே எங்கே என்று இன்றே கேளுங்கள்.